ஜெர்மனியின் சின்ன ஊரில் ஓராண்டுத் தொண்டு: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

பிஎஃப்டி, எஃப்எஸ்ஜே என்று சொல்லப்படும் தன்னார்வச் சேவைக்காக ஜெர்மனிக்குக் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் பெர்லினையோ மியூனிக்கையோ மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். போய்ச் சேரும் இடம் பல நேரம் பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு ராட்ஹவுஸ் (நகராட்சி அலுவலகம்), இரண்டு சூப்பர்மார்க்கெட், மணிக்கு ஒரு ரயில், அவ்வளவுதான். நான் சேவை செய்ததும் அப்படி ஓர் ஊரில்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் சுவாபியப் பகுதி, ஒரு முதியோர் இல்லம். புதிதாகப் போகிறவருக்கு எது எந்த வரிசையில் தேவைப்படும் என்று இங்கே எழுதுகிறேன். மற்ற மாநிலங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே யாரும் தாமாக வந்து "ஏதாவது வேணுமாப்பா?" என்று விசாரிக்க மாட்டார்கள். அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவதை மரியாதைக் குறைவாக நினைக்கிற ஊர் அது. ஆனால் நீங்கள் வாய் திறந்து கேட்டுவிட்டால், கேட்டதைவிடக் கூடுதலாகவே செய்து தருவார்கள். முகம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்கிறவர்கள்தான் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

இது வேலை அல்ல

எஃப்எஸ்ஜேவுக்கு 1964-லேயே சட்டம் வந்துவிட்டது. 27 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. பிஎஃப்டி 2011 ஜூலையில் தொடங்கியது. கட்டாய ராணுவ சேவையை அந்த ஆண்டு நிறுத்தி வைத்தபோது, ராணுவத்துக்குப் பதிலாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிந்து வந்த இளைஞர்களின் ஏற்பாடும் நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்பத்தான் பிஎஃப்டி. பிஎஃப்டிக்கு உச்ச வயது வரம்பு இல்லை. உங்களோடு பணியாற்றும் ஐம்பது வயது ஆண்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "நானும் அந்தக் காலத்தில் ட்சிவியாக (ராணுவத்துக்குப் பதில் இப்படிப் பணிபுரிந்தவர்) இருந்தவன்தான்" என்று கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

சம்பளம் கிடையாது, கைச்செலவுப் பணம்தான். 2025-ல் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு மாதம் 644 யூரோ. பல இல்லங்கள் அதற்குக் கீழேதான் தருகின்றன. தங்குமிடம், சாப்பாடு தருகிறார்களா, அல்லது அதற்குப் பணமாகத் தருகிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இதை வரிவரியாகப் படியுங்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியக் காப்பீடு இரண்டுக்கும் உங்கள் பங்கையும் சேர்த்து நிறுவனமே கட்டும். ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்ற கணக்கோடு போகாதீர்கள். ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கடன்பட்டுவிட்டு இந்தக் கைச்செலவுப் பணத்தில் அதை அடைக்க நினைப்பது நடக்கவே நடக்காது.

பெட்டி கட்டும்போது

நெய், பால்கோவா, கருவாடு என்று அம்மா எடுத்து வைப்பதில் முதல் இரண்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் கொண்டுவரத் தடை உண்டு. கருவாட்டைச் சட்டம் விட்டாலும் அதன் வாசனையோடு நீங்கள் ஒரு பொதுச் சமையலறையில் வாழ வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம், கடுகு போதும். நெய்யைப் பற்றிக் கவலை வேண்டாம், அங்கே எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்ற பெயரில் உருக்கிய வெண்ணெய் கிடைக்கும்.

மின்சாரம் 230 வோல்ட்தான், மிக்ஸி ஓடும். ஆனால் நம் பிளக் அங்குள்ள துளையில் நுழையாது. மிக்ஸியின் வாட்டைத் தாங்கும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். குக்கர் கொண்டுபோவதானால் அடி தட்டையானது வேண்டும், அங்கே பெரும்பாலும் கண்ணாடித் தள மின் அடுப்பு.

காகிதங்களில் பிறப்புச் சான்றிதழ், மொழித் தேர்வுச் சான்றிதழ், நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இரண்டு நகல். தடுப்பூசி அட்டையை மறந்துவிடாதீர்கள். மழலையர் பள்ளியிலோ மருத்துவமனையிலோ சேவை என்றால், 1970-க்குப் பிறகு பிறந்த எல்லாரும் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து இது சட்டம். சின்ன வயதில் போட்ட ஊசிக்கு அட்டை இல்லையென்றால் இங்கேயே மருத்துவரைப் பார்த்து முடித்துக்கொண்டு போவது மேல்.

முதல் இரண்டு வாரம்: காகித வேலை

இந்த வரிசை முக்கியம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும்.

போன முதல் நாளே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள். வங்கி அட்டை, வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கதவு எண் சரியாக இருந்தாலும் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு துண்டுத் தாளில் குடும்பப் பெயரை எழுதி டேப் போட்டால்கூடப் போதும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தால் ஜெர்மனியில் நீங்கள் அந்தப் பெயர்தான். பணியிடத்திலும் மருத்துவமனையிலும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பெட்டியிலும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

அடுத்தது முகவரிப் பதிவு, அதாவது 'அன்மெல்டுங்'. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ராட்ஹவுஸில் உள்ள 'பூர்கர்பூரோ'வுக்குப் போய்ச் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டோடு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு சான்றும் கேட்பார்கள். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. இல்லத்தின் அறையில் தங்குகிறீர்கள் என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் அது உங்கள் கைக்கு வராது. சின்ன ஊரின் பெரிய வசதி இங்கேதான். பெர்லினில் இந்த ஒரு காரியத்துக்கு வாரக்கணக்கில் தேதிக்கு அலைகிறார்கள், இங்கே காலையில் போனால் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். ஆனால் அலுவலகம் சில நாட்களில் மதியத்தோடு மூடிவிடும். கதவில் ஒட்டியிருக்கும் நேரத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்து கையில் தரும் தாள்தான் 'மெல்டெபெஷ்டேடிகுங்'. அதை எடுத்துக்கொண்டு நேரே வங்கி. சின்ன ஊரில் ஷ்பார்காஸ அல்லது ஃபோல்க்ஸ்பாங்க் கிளை இருக்கும். இளைஞர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் மாதக் கட்டணம் இல்லாத கணக்கு உண்டா என்று கேளுங்கள், பல இடங்களில் உண்டு. வரி எண் சில வாரத்தில் தானாகத் தபாலில் வரும். அதை வாழ்நாள் முழுக்கப் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பெரும்பாலும் பணியிடமே விண்ணப்பத்தை நீட்டும். புகைப்படத்தோடு கூடிய அட்டை வரத் தாமதமாகும். அதற்குள் உடம்பு சரியில்லாமல் போனால், உறுப்பினர் என்பதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்டலாம்.

இதோடு சேர்ந்தே தொடங்க வேண்டியது வதிவிட அனுமதி. விசாவில் தந்திருக்கும் காலம் உங்கள் சேவை முடியும் வரை இல்லையென்றால், அது முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். இதற்கான அலுவலகம் உங்கள் ஊர் ராட்ஹவுஸில் இருக்காது. மாவட்டத் தலைநகரில் 'லாண்ட்ராட்ஸ்ஆம்ட்' என்ற மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் இருக்கும். அங்கே தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம், அதனால் வந்த முதல் மாதமே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். காலத்துக்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை தங்குவதற்கு ஒரு இடைக்காலச் சான்று தருவார்கள். அந்தத் தாள் இருந்தால் சேவை தடைபடாது. இடைக்காலத்தில் ஊருக்குப் போய்வர நினைத்தால் மட்டும், அந்தச் சான்றோடு திரும்பி உள்ளே வர முடியுமா என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் கட்டாயம் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, வீட்டுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஆனால் பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே கட்டண எண் இருக்கிறதா என்று அறைத் தோழரிடமோ நிர்வாகத்திடமோ கேட்டு, அந்த எண்ணைப் பதிலில் எழுதி அனுப்புங்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டால் அபராதத்தோடு அடுத்தது வரும். பொதுவாகவே, அந்த நாட்டில் புரியாத கடிதம் வந்தால் மேசையில் போட்டு வைக்கக் கூடாது. அன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள்.

கைப்பேசிக்கு முதலில் ப்ரீபெய்டு சிம் போதும். கடையில் ஆசை காட்டும் 24 மாத ஒப்பந்தம் உங்கள் ஓராண்டுக்குப் பொருந்தாது. ஜிம் ஒப்பந்தத்துக்கும் இதே பேச்சு.

அறையும் வீடும்

ஹீட்டரின் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது நம் எல்லாருக்கும் தோன்றும் எண்ணம். அது வேகத்தைக் கூட்டுவதில்லை, எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. குளிரிலும் தினம் இரண்டு மூன்று முறை ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட விட வேண்டும், அப்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். செய்யாவிட்டால் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்காரர் உங்களிடம்தான் கணக்குக் கேட்பார். நம் சமையல் ஆவி அதற்கு இன்னும் தீனி.

தாளிக்கும்போது கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறும். மிளகாய் வற்றல் போடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து, வெளியேற்று விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். அந்தக் கருவியைக் கழற்றி வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

குப்பைக்கு ஒரு நாட்காட்டி உண்டு. ராட்ஹவுஸில் கேட்டால் தருவார்கள். காய்கறிக் கழிவு, தாள், பிளாஸ்டிக் உறை, மற்றவை என்று தனித்தனி. எந்த நிறத் தொட்டி எதற்கு என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதால் பக்கத்து வீட்டாரைக் கேட்பதே சரி. கண்ணாடிப் புட்டியைத் தெருமுனைப் பெட்டியில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது. சத்தம் கேட்குமாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், டின் வாங்கும்போது கூடவே 25 சென்ட் வைப்புத்தொகை பிடிப்பார்கள். காலிப் புட்டியைச் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டு ரசீதைக் கல்லாவில் கொடுத்தால் பணம் திரும்பும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், அதனால் தண்ணீர்ப் புட்டி சுமக்கும் வேலையே தேவையில்லை.

சுவாபியாவுக்கே உரியது 'கேர்வோஹ'. பல குடும்பம் வாழும் வீட்டில் படிக்கட்டையும் வாசலையும் வாரம் ஒரு குடித்தனம் முறை வைத்துச் சுத்தம் செய்வது. உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு அட்டை தொங்கும். வாசல் பெருக்கிக் கோலம் போட்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் தட்டிக்கழித்தால் அந்தக் கட்டிடமே உங்களைப் பற்றிப் பேசும், உங்களிடம் மட்டும் பேசாது. சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். ஊருக்கு வீடியோ காலில் பேசும் நம் குரல் அளவை நாமே ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பேக்கரி காலையில் சில மணி நேரம், பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் பொது விடுமுறைகளும் அதிகம். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் மூடல்; அதோடு ஒரு ஞாயிறும் ஒட்டிக்கொண்டால் தொடர்ந்து மூன்று நாள் எதுவும் வாங்க முடியாது. அரிசியும் பருப்பும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

சின்ன ஊரில் இந்தியக் கடை இருக்காது. ஆனால் துருக்கியர் கடை பல ஊர்களில் இருக்கும். அதைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும். மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, பச்சை மிளகாய், கொத்தமல்லி, புதினா, கத்திரிக்காய், உறைய வைத்த வெண்டைக்காய், நல்ல தயிர் எல்லாம் அங்கே மலிவு. ரவைக்கு சூப்பர்மார்க்கெட்டில் 'க்ரீஸ்' என்று கேளுங்கள். 'மில்ஷ்ரைஸ்' என்று எழுதியிருக்கும் குண்டு அரிசி பாயசத்துக்கு அருமை, சாதத்துக்கு ஆகாது. உளுந்து, துவரம்பருப்பு, இட்லி அரிசி, கறிவேப்பிலை வேண்டுமென்றால் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்டுட்கார்ட் போன்ற நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் உண்டு. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்து, ஒன்றும் இல்லாத காலத்தில் எல்லாவற்றையும் உருவாக்கியவர்கள் அவர்கள். கடையில் "அண்ணை, கறிவேப்பிலை எப்ப வரும்?" என்று கேட்கப் பழகிவிட்டால், கோயில் எங்கே, பிள்ளைகளுக்கான தமிழ்ப் பள்ளி எங்கே, யார் வீட்டில் எப்போது விசேஷம் என்று எல்லாத் தகவலும் அந்தக் கல்லாவிலேயே கிடைக்கும். கறிவேப்பிலையை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க, அணைத்து வைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு ஓர் இரவு வைத்தால் போதும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றிக் கொழுப்புத் துண்டு, காய்கறி சூப்பில் மாட்டு எலும்புச் சாறு, ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் என்று எதிர்பாராத இடத்தில் எல்லாம் இருக்கும். 'ஷ்பெக்' (பன்றிக் கொழுப்பு), 'ரிண்ட்' (மாடு), 'ஷ்வைன்' (பன்றி), 'கெலாட்டீன' (ஜெலட்டின்) என்ற நான்கு சொற்களையும் பொட்டலத்தில் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். சுவாபியர்களின் 'மவுல்டாஷன்' பார்க்க அப்பாவிக் கொழுக்கட்டை, உள்ளே இறைச்சி. ஆனால் 'லின்ஸன் மிட் ஷ்பெட்ஸ்ல' என்று ஒன்று உண்டு. பருப்பும் முட்டை மாவு நூடுல்ஸும், மேலே கொஞ்சம் வினிகர். சாசேஜ் இல்லாமல், கொழுப்புத் துண்டு போடாமல் கேட்டு வாங்கினால், மிளகாய் இல்லாத பருப்புக் குழம்பைச் சாப்பிட்ட திருப்தி வரும். முட்டையும் வேண்டாமென்றால் அந்த நூடுல்ஸும் உங்களுக்கு ஆகாது.

பணியிடத்தில்

முதல் நாள் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிச் சொல்லித் தருவார்கள். சமையலறைப் பணி என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் விளக்க வகுப்பில் உட்கார்ந்து சான்று வாங்க வேண்டியிருக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கூடாது, கிருமி தங்கும் என்பதால். கோயிலில் கட்டிய கயிறும் இதில் அடக்கம். அதைப் பற்றி வாதாடுவதில் பயனில்லை, முன்பே அவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

முதியவர்களை 'ஓமா', 'ஓபா' என்று கூப்பிடாதீர்கள். பாட்டி, தாத்தா என்பது நமக்கு அன்பு. அங்கே அறிமுகமில்லாத ஒருவர் அப்படிக் கூப்பிட்டால், வாழ்நாளெல்லாம் ஆசிரியையாகவோ தச்சராகவோ இருந்தவரைக் குழந்தையாக்குவது போல் எடுத்துக்கொள்வார்கள். 'ஃப்ராவ்' (திருமதி), 'ஹெர்' (திரு) சேர்த்துக் குடும்பப் பெயர், கூடவே 'ஸீ' என்ற மரியாதை வடிவம். சக ஊழியர்கள் பெரும்பாலும் முதல் நாளே 'டூ' என்று ஒருமைக்கு வந்துவிடுவார்கள். மேலாளரை அவர் சொல்லும்வரை 'ஸீ' என்றே அழையுங்கள். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுவது, அவர் படுத்த படுக்கையாக இருந்தாலும், தூங்கினாலும், கட்டாயம்.

பி1 நிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழோடு வந்தும் முதல் வாரம் ஒன்றும் புரியவில்லையே என்று கலங்காதீர்கள், முதியவர்கள் பேசுவது சுவாபியம் என்ற வட்டார வழக்கு. வகுப்பில் படித்த சொல்லே இங்கே வேறு பொருளில் வரும், அதில் சில பராமரிப்பில் முக்கியமானவை. 'ஃபூஸ்' வலிக்கிறது என்றால் பாதம் என்று நினைத்து அங்கேயே தேடாதீர்கள், இடுப்புக்குக் கீழே கால் முழுவதையும் அப்படித்தான் சொல்வார்கள். 'டெப்பிஷ்' கேட்டால் தரைவிரிப்பு அல்ல, போர்வை. 'ஹேபன்' என்றால் தூக்குவதல்ல, பிடித்துக்கொள்வது. சக்கர நாற்காலியிலிருந்து எழுகிற ஒருவர் அப்படிச் சொல்லும்போது நீங்கள் தூக்கப் போனால் இருவருக்குமே ஆபத்து. புரியாவிட்டால் தலையாட்டாமல் இன்னொரு முறை கேளுங்கள். ஆமாம், இல்லை இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆடும் நம் தலையாட்டல் அவர்களைக் குழப்பும், வாயால் 'யா', 'நைன்' சொல்லுங்கள்.

உங்கள் பணியின் எல்லை தெளிவானது. காலை உணவு பரிமாறுவது, நடக்கத் துணை போவது, மூன்று மணி காபி-கேக், விளையாட்டு, பேச்சுத் துணை. மாத்திரை பிரித்துக் கொடுப்பதும் ஊசி போடுவதும் தகுதி பெற்ற செவிலியரின் வேலை. ஊழியருக்குப் பதிலாகத் தன்னார்வலரை நிறுத்தக் கூடாது என்பது இந்தச் சேவையின் அடிப்படை விதி. ஆள் பற்றாக்குறை உள்ள நாட்களில் ஒரு மாடியையே தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. முதலில் உங்கள் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருக்கும். அவரிடம் பலனில்லை என்றால், உங்களை அனுப்பி வைத்த அமைப்பில் உங்கள் கருத்தரங்குகளை நடத்துகிறவரிடம் பேசுங்கள். 27 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஓராண்டில் 25 நாள் கருத்தரங்கு கட்டாயம். அது விடுமுறையில் கழியாது, சேவை நேரமாகவே கணக்காகும். மற்ற இல்லங்களில் இருக்கும் தன்னார்வலர்களைச் சந்திக்கும் இடமும் அதுதான், தவறவிடாதீர்கள்.

இல்லத்துவாசிகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ போடக் கூடாது. அம்மாவுக்கு அனுப்புவதும் கூடாது. நூறாவது பிறந்தநாள் கொண்டாடும் ஃப்ராவோடு செல்ஃபி எடுக்க ஆசையாக இருக்கும், சேவையே போய்விடும்.

நேரம் என்றால் ஐந்து நிமிடம் முன்னதாக. உடம்பு சரியில்லையென்றால் ஷிஃப்ட் தொடங்கும் முன் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும், வாட்ஸ்அப் செய்தி செல்லுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். இன்னொன்று, உங்கள் பிறந்தநாளுக்கு கேக் கொண்டுவர வேண்டியவர் நீங்கள்தான். யாரும் வாங்கித் தரவில்லையே என்று மூலையில் உட்காராதீர்கள். அடுத்தவர் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்கூட்டி வாழ்த்தும் சொல்லாதீர்கள், அபசகுனம் என்பார்கள்.

போக்குவரத்து

பணி அட்டவணை போடுவதற்கு முன் பஸ் அட்டவணையைப் பாருங்கள். ஞாயிறு காலை ஷிஃப்டுக்குப் போக முதல் பஸ்ஸே இருக்காது. இதை முதல் வாரமே பொறுப்பாளரிடம் சொன்னால் ஞாயிறு உங்களுக்கு மாலை ஷிஃப்ட் போடுவார்கள், அல்லது யாராவது காரில் ஏற்றிக்கொள்வார்கள். பழைய சைக்கிள் ஒன்று வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும், இல்லையென்றால் போலீஸ் அபராதம்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம், அதிவேக ரயில்களில் செல்லாது. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் 27 வயதுக்குக் கீழே உள்ள தன்னார்வலர்களுக்கு இதைவிட மலிவான இளைஞர் டிக்கெட் உண்டு. இது சந்தா என்பதை மறக்காதீர்கள். நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

உடம்பு

காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்து வையுங்கள். சின்ன ஊர்களில் "புதிய நோயாளிகளை எடுப்பதில்லை" என்பார்கள். சக ஊழியர் ஒருவர் தன் மருத்துவரிடம் சொல்லி வைத்தால் கதவு திறக்கும். இரவிலும் வார இறுதியிலும் மருத்துவர் வேண்டுமென்றால் 116117. உயிருக்கு ஆபத்து என்றால் 112. சளி, இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் எதிர்பார்க்காதீர்கள். தேநீர் குடித்துத் தூங்கச் சொல்வார்கள். சீட்டில்லாமல் மருந்துக்கடையிலும் கிடைக்காது. பல்லுக்கும் கண்ணுக்கும் வேண்டியதைக் கிளம்புமுன் இங்கேயே முடித்துவிடுங்கள், கண்ணாடி ஒரு ஜோடி கூடுதலாக.

மனிதர்கள், முக்கியமாக நவம்பரில்

செப்டம்பரில் வந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் திருவிழா போலப் போகும். நவம்பரில்தான் அடி விழும். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை ஷிஃப்டுக்கு இருட்டில் போய், மதியம் வந்து தூங்கி எழுந்தால் மறுபடி இருட்டு. அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஊர் செய்தி பார்க்கத் தொடங்கினால் மார்ச் வரை அப்படியே போய்விடும். அதனால் அக்டோபருக்குள்ளேயே வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட கிழமையில், வெளியே போயே ஆக வேண்டிய ஓர் இடத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த இடம் பெரும்பாலும் ஒரு 'ஃபெராய்ன்', அதாவது சங்கம். விளையாட்டுச் சங்கம், பித்தளை வாத்தியக் குழு, பாடகர் குழு, தன்னார்வத் தீயணைப்புப் படை என்று சின்ன ஊரின் சமூக வாழ்க்கை முழுவதும் இவற்றில்தான் நடக்கிறது. சுவாபிய ஊர்களில் ராட்ஹவுஸ் வாராவாரம் 'ஆம்ட்ஸ்பிளாட்' என்று ஒரு தாள் வெளியிடும். எந்தச் சங்கம் எப்போது கூடுகிறது, எந்த மருந்துக்கடை இந்த ஞாயிறு திறந்திருக்கும், எங்கே கேக் விற்பனை எல்லாம் அதில் இருக்கும். இல்லத்தின் வரவேற்பு மேசையில் ஒரு பிரதி கிடக்கும், எடுத்துப் படியுங்கள். மேசைப் பந்தாட்டமோ பூப்பந்தோ ஆடத் தெரிந்தால் மொழிகூட அவ்வளவு தேவையில்லை. கிரிக்கெட்டும் இல்லாமலில்லை. 2015-க்குப் பிறகு வந்த ஆப்கான் இளைஞர்கள் நிறைய ஊர்களில் அணி சேர்த்திருக்கிறார்கள், பக்கத்து ஊர்களில் விசாரித்துப் பாருங்கள்.

முதல் முறை போனால் யாரும் விழுந்து விழுந்து வரவேற்க மாட்டார்கள். தலையசைப்பார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் உங்கள் பெயர் கேட்பார்கள். ஒரு வாரம் போகாமல் விட்டு அடுத்த வாரம் போய்ப் பாருங்கள், "போன வாரம் எங்கே?" என்பார்கள். அதற்கு அப்புறம் நீங்கள் அந்த ஊர்க்காரர்தான். பிப்ரவரியில் 'ஃபாஸ்னெட்' திருவிழா வரும்போது மர முகமூடி போட்ட ஊர்வலத்தில் வேடிக்கை பார்க்க நிற்காமல் சங்கத்துக் கடையில் காபி ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்.

தெருவில், படிக்கட்டில், மருத்துவர் காத்திருப்பு அறையில் யாரைப் பார்த்தாலும் 'க்ரூஸ் கோட்' என்று வணக்கம் சொல்லுங்கள். பெருநகரத்தில் விநோதமாகப் பார்ப்பார்கள், இங்கே சொல்லாவிட்டால்தான் விநோதம். சில முகங்கள் இறுகியே இருக்கும். நிறத்தை வைத்துப் பேசுகிற ஆளும் எப்போதாவது எதிர்ப்படுவார், முதியவர்களில் மறதி நோய் உள்ளவர் சிலர் மனம் புண்படும்படி சொல்லிவிடுவார்கள். விழுங்கிக்கொண்டு அறைக்குப் போய் அழ வேண்டியதில்லை. அன்றே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். அந்த நபரின் அறைக்கு உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்புவதோ உங்களோடு கூட ஒருவரை அனுப்புவதோ அவர்களால் முடியும்.

கிளம்பும்போது

சேவை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே சான்றிதழ் கேளுங்கள். வந்து போனார் என்று மட்டும் சொல்லும் ஒற்றை வரிச் சான்று வேண்டாம், செய்த பணியையும் நடந்துகொண்ட விதத்தையும் மதிப்பிட்டு எழுதிய 'ட்சாய்க்னிஸ்' வேண்டும் என்று சொல்லுங்கள். செவிலியர் பயிற்சிக்கு அங்கேயே விண்ணப்பிக்க நினைத்தால் அதுதான் கைகொடுக்கும். அப்படியானால் வதிவிட அனுமதியையும் மாற்ற வேண்டும், அந்தப் பேச்சைக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். நாடு திரும்புகிறீர்கள் என்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ராட்ஹவுஸில் முகவரியை நீக்கலாம். அந்தத் தாளைக் காட்டித்தான் வானொலிக் கட்டணத்தையும் மற்ற ஒப்பந்தங்களையும் முடிக்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கை எல்லாவற்றுக்கும் கடைசியாக மூடுங்கள், ஏதாவது பாக்கி திரும்பி வரலாம்.

கடைசி நாள் விருந்து கொடுப்பதும் உங்கள் பொறுப்பே. கேசரி நன்றாகப் போகும். முந்திரி போட்டிருந்தால் ஒரு சீட்டில் பெரிதாக எழுதித் தட்டின் பக்கத்தில் வையுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் கேட்பார்கள். இல்லத்துவாசிகளுக்குக் கொடுப்பதற்கு முன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சர்க்கரை நோயாளிகளும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களும் அங்கே அதிகம்.